ஜனவரியில் தண்ணி ஊத்தப்போவது யார்?

மத்தியானம் பன்னிரண்டரைக்கு, சவோய் தியேட்டரடியிலிருந்து தெஹிவளைப் பாலம் வரைக்கும் காலி வீதியால் ஒருக்கா நடந்து பாருங்கள். நிழலே இல்லை என்று சொல்ல மாட்டோம். உடுப்புக் கடையின் முகப்பு, பஸ் ஹோல்ட்டின் தகரம், நிறுத்தி வைத்திருக்கிற லொறி, நகைக்கடை விளம்பரத்தில் சிரிக்கிற நடிகை, எல்லாருமே கொஞ்சம் நிழல் தருவார்கள். மரத்துக்குக் கீழே நிற்க வேண்டுமென்றால்தான் தேட வேண்டும். தேடிக் களைத்த பிறகு 155இல் ஏறி எங்கள் கம்பஸ் பக்கம் இறங்குங்கள். ரீட் அவெனியூவில் மாரா மரங்கள் வீதியின் இரண்டு கரையிலிருந்தும் வளர்ந்து மேலே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். முதுகில் ஒட்டிய சட்டை இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடும். இரண்டு இடத்துக்கும் நடுவில் நாலு கிலோமீற்றர்கூட வராது.

பெயர்களைப் பார்த்தால் இன்னும் பகிடி. வெள்ளவத்தை என்பது சிங்களத்தில் வெல்ல, வத்த: மணல் தோட்டம். கொட்டாஞ்சேனையின் பெயருக்குள்ளேயே ஒரு சேனை இருக்கிறது. கொட்டாங்காய் மரங்கள் நின்ற சேனை என்று அந்தப் பெயருக்கு ஒரு கதையும் சொல்வார்கள். ஏழாம் வட்டாரம் கறுவாத்தோட்டம். மூன்றுமே ஒரு காலத்தில் தோட்டந்துரவாக இருந்த இடங்கள். இன்றைக்குத் தோட்டம் மாதிரி இருப்பது ஒன்றுதான், அது எதுவென்று சொல்லத் தேவையில்லை. 1921இல் பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கொழும்புக்கு ஒரு நகரத் திட்ட அறிக்கை எழுதினார். கிழக்கின் பூங்கா நகரமாக இது வரலாம் என்பது அவருடைய கனவு. நூறு வருஷம் கழித்துப் பார்த்தால், பூங்கா ஒரு பக்கமாகவும் நகரம் மற்றப் பக்கமாகவும் பிரிந்து போயிருக்கின்றன. நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே காணி விலையும் இருக்கிறது.

நாங்கள் ஒன்பது பேர். எல்லாரும் கலைப்பீடம். ஆறு பேர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் வீட்டோடும் அறை எடுத்தும் இருப்பவர்கள். மூன்று பேர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்குப் பெயரில்லை, ரீசேர்ட் இல்லை, பதாகை இல்லை. ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் பாதி நாள் நோட்ஸ் கேட்டுத்தான் செய்தி வரும். போன மே மாத மழையோடு 31 கன்றுகள் நட்டோம்: வெள்ளவத்தை ஒழுங்கைகளில் 18, கொட்டாஞ்சேனையில் 13. இதிலே பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு நல்ல அலவாங்கும் இரண்டு சனிக்கிழமையும் இருந்தால் யாரும் செய்யலாம். நட்ட பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ளவத்தையில் மண் இல்லை. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் ஒரு காலத்தில் வீடும், முன்னால் முற்றமும், முற்றத்தில் ஒரு மாமரமோ தென்னையோ இருந்ததாகப் பழைய ஆட்கள் சொல்கிறார்கள். இப்போது அந்த வீட்டின் இடத்தில் ஏழு மாடி. முற்றத்தின் இடத்தில் கார். காருக்குக் கீழே கொங்கிறீற். வீதிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சியிருக்கும், அதுவும் மாநகரசபையுடைய நிலம், சும்மா போய்க் கிண்டேலாது. கிண்ட அனுமதி கிடைத்தால் உள்ளே வருவது உடைந்த ஓடு, சீமெந்துக் கட்டி, பொலித்தீன், கம்பித் துண்டு. அதற்கும் கீழே போனால் வெல்ல என்ற பெயருக்கு ஏற்ற மணல். ஒரு குழிக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. வெளியே வந்த குப்பையை அள்ளி, உள்ளே கூட்டெருவும் நல்ல மண்ணும் போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. குழி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது முக்கியம். கன்றின் வேர் பக்கவாட்டில்தான் முதலில் ஓடும். பையைக் கழற்றும்போது அடியில் சுருண்டு கிடக்கிற வேரைப் பிரித்து விட வேண்டும், இல்லாவிட்டால் அது மரமான பிறகும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிற்கும், ஒரு பெரிய காற்றுக்கு விழும். பையோடேயே நட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை ஒவ்வொரு ஜூன் 5உம் சுற்றாடல் தினத்துக்குக் காண்கிறோம். அந்தக் கன்றுகளுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

எந்த மரம் என்பதும் சும்மா விஷயமில்லை. மரைன் டிரைவ் பக்கம் உப்புக் காற்று. புன்னை, பூவரசு, புங்கை, கொட்டாங்காய், இவை தாங்கும். மேலே மின்கம்பி போகிற இடத்தில் உயரமாக வளர்கிறதை வைத்தால், ஐந்து வருஷம் கழித்து யாரோ வந்து தலையை வெட்டிவிட்டுப் போவார்கள். அப்படித் தலை வெட்டுப்பட்ட மரங்களைக் கொழும்பில் நிறையப் பார்க்கலாம், ஒரு பக்கம் மட்டும் கிளை விட்டு, தோள் சரிந்த ஆட்கள் மாதிரி நிற்கும். நாங்கள் கம்பி இல்லாத பக்கத்தில் புன்னையும் மற்றப் பக்கத்தில் பூவரசும் என்று முடிவெடுத்தோம்.

சரி, மண்ணும் மரமும் கிடைத்துவிட்டன. ஆட்கள்?

ஒவ்வொரு மதிலுக்கும் முன்னால் நடுகிறதற்கு முதல், அந்தக் கட்டடத்துக்குள் போய்க் கதைத்தோம். எங்கள் கணக்கில் அதுதான் முழு வேலையிலும் பெரிய பகுதி. செக்கியூரிட்டி ஐயா மேலே ஃபோன் பண்ணுவார். யாராவது ஒரு அன்ரி இறங்கி வருவா. முதல் கேள்வி, “பிள்ளையள் எந்த ஊர்?” இரண்டாவது, “என்ன படிக்கிறியள்?” கலைப்பீடம் என்றதும் முகத்தில் சின்னதாக ஒரு இரக்கம் வரும், அதைப் பற்றி வேறு கட்டுரை எழுதலாம். பிறகு மரத்தைப் பற்றிக் கேட்போம். ஒருத்தர்கூட மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் மரம் பிடிக்கும். ஒவ்வொருத்தரும் ஒரு மரத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னார்கள், ஆனால் அந்த மரம் கொழும்பில் நிற்கவில்லை. இணுவிலில் நின்ற கறுத்தக்கொழும்பான், உடுவிலில் கிணற்றடிக் கமுகு, மூதூரில் விட்டுவிட்டு வந்த பதினாலு தென்னை. ஒரு ஐயா அந்தப் பதினாலு தென்னையையும் ஒவ்வொன்றாக எங்களுக்குச் சொன்னார். எது செவ்விளனி, எது குலை தள்ளினால் பிஞ்சு கொட்டும், எதில் மின்னல் விழுந்தது. இருபத்தைந்து வருஷமாக அவர் இருக்கிற தொடர்மாடியின் வாசலில் என்ன செடி நிற்கிறது என்று கேட்டோம். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், குரோட்டன் என்று.

பிறகு வரும் அந்த வசனம். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு ஒழுங்கைகள், கிட்டத்தட்ட ஒரே வசனம்: “நாங்கள் இஞ்ச நிரந்தரமே பிள்ளை?”

சிலர் வாடகைக்கு இருப்பவர்கள். சிலருக்குக் கனடா விசா வருகிற மாதிரி இருக்கிறது. சிலர் சொந்தமாக பிளட் வாங்கி முப்பது வருஷம் ஆகிறது, அவர்களும் இதைத்தான் சொன்னார்கள். இதை மனப்பான்மைக் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. எங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 1983 ஜூலையில் இதே வீதிகளில் என்ன நடந்தது என்று எங்கள் எல்லாருடைய வீட்டிலும் யாராவது ஒருத்தர் பார்த்திருக்கிறார். அது பழசு என்று வைத்துக்கொண்டாலும், 2007 ஜூன் 7 இருக்கிறது. அன்று விடிய வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் உட்பட நகரின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லையாம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. எங்களுக்கு அப்போது மூன்று, நாலு வயசு, ஒன்றும் தெரியாது. ஆனால் இங்கே இருப்பதற்குக் காரணம் காட்டச் சொல்லிக் கேட்கப்பட்ட ஒரு சனம், பத்து வருஷம் கழித்து நிழல் தரப்போகிற ஒன்றுக்கு வாசலில் குழி தோண்ட யோசிப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? மரம் நடுகிறவர், தானோ தன்னுடைய ஆட்களோ பத்து வருஷத்துக்குப் பிறகும் அதே இடத்தில் இருப்பார்கள் என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறார். எங்கள் அன்ரிமார் அந்தக் கையெழுத்தைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பூவரசைக் கொண்டு போனபோது மட்டும் கொஞ்சம் இளகினார்கள். வேலிக்குப் போடுகிற மரம், ஆட்டுக்குக் குழை, இலையைச் சுருட்டி வாயில் வைத்தால் பீப்பீ. ஒரு அன்ரி எங்களிடம் ஒரு இலையை வாங்கிச் சுருட்டி, செக்கியூரிட்டி ஐயாவுக்கு முன்னாலேயே ஊதிக் காட்டினா. அந்த ஐயா காலிப் பக்கத்துக்காரர், சிரித்துக்கொண்டு “சூரிய” என்றார். சிங்களத்தில் அதற்கு அந்தப் பெயர்.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்த ஒரு கதை எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது, அதனால் இங்கே கொஞ்சம் விலகிப் போகிறோம். ஆங்கிலேயர் காலத்தில் ஒவ்வொரு நவம்பர் 11உம் முதல் உலகப் போரில் போன படைவீரர்களுக்காகச் சிவப்பு பொப்பிப் பூ விற்பார்கள், சேருகிற காசில் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போய்விடும். 1931இல் ஏலியன் பெரேரா என்பவர், இங்கிருந்து போருக்குப் போனவர்களுக்காக, அதே நாளில் இந்த ஊர்ப் பூவான பூவரசம் பூவை விற்கத் தொடங்கினார். அதுதான் சூரியமல் இயக்கம். 1933இல் தென் கொழும்பு இளைஞர் கழகம் அதைக் கையில் எடுத்து, காலனி ஆட்சிக்கு எதிரான இயக்கமாகவே மாற்றியது. அதே கழகத்துப் பொடியன்கள்தான் அதே வருஷம் வெள்ளவத்தை நூற்பு, நெசவு ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திலும் முன்னுக்கு நின்றார்கள். அடுத்து வந்த மலேரியாக் காலத்தில் சூரியமல் ஆட்கள் ஊர் ஊராகப் போய் நிவாரண வேலை செய்தார்கள். அந்த ஆலை இருந்த நிலத்தில் இன்றைக்கு ஹவ்லொக் சிற்றி நிற்கிறது. பூவரசம் பூ காலையில் மஞ்சளாகப் பூத்து, பின்னேரம் சிவந்து வாடிவிடும். தொண்ணூறு வருஷத்துக்கு முதல் எங்கள் வயசுக்காரர் சிலர் வெள்ளவத்தைப் பக்கத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அரசியல் கதைத்தார்கள் என்பதை எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

திரும்பி ஒழுங்கைக்கு வருவோம். மரத்துக்கு எதிரான நியாயமான காரணங்களும் இருந்தன. சருகு விழும், யார் கூட்டுகிறது? வேர் கானுக்குள் போகும். நுளம்பு வரும் (வராது, கானில் தேங்கிய தண்ணிக்குத்தான் வரும்). கார் நிறுத்த இடம் போகும். இதையெல்லாம் விடக் கனமான ஒன்றை ஒரு அக்கா சொன்னா: “கொள்ளுப்பிட்டியில பஸ்ஸுக்கு மேல விழுந்தது ஞாபகமில்லையே?” எப்படி ஞாபகமில்லாமல் போகும். 2023 ஒக்டோபர் 6, காலையில், மழைக்குள், ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸுக்கு மேல் பெரிய மரம் ஒன்று விழுந்து ஐந்து பேர் செத்துப்போனார்கள். எங்களில் இரண்டு பேர் தினமும் போகிற பாதை அது. அந்தக் கிழமை முழுக்க பஸ் ஜன்னலால் மேலே பார்த்துக்கொண்டுதான் கம்பஸ் போனோம். மரத்தை நேசிக்கிறவர்கள் அந்தப் பயத்தை அலட்சியமாகப் பேசக்கூடாது. நகரத்து மரம் காட்டு மரம் மாதிரி இல்லை. ஒரு பக்கம் பைப் லைனுக்கு வேரை வெட்டுவார்கள், மறு பக்கம் அடிமரம் வரைக்கும் சீமெந்து பூசுவார்கள், மேலே ஒரு பக்கக் கிளையை மட்டும் கழிப்பார்கள். நட்டுவிட்டு மறந்துபோகிற ஊரில் மரம் ஆபத்தாகத்தான் போய் முடியும். அந்த அக்காவின் கேட்டுக்கு முன்னால் பெரிய மரம் வைக்கவில்லை. அவவே தெரிவு செய்த செவ்வரத்தை வைத்தோம். 31இல் அதையும் ஒன்றாக எண்ணுவதா என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. எண்ணினோம்.

கொட்டாஞ்சேனை வேறு உலகம், 155இன் அடுத்த முனை என்றாலும். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே உள்ளே போகிற முடுக்குகளில் ஒன்றரை அடித் துண்டுகூட இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் யாராவது வீட்டு வாசற்படியில் ஏறி நின்று வழி விட வேண்டும். இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்குக் கொழும்பில் என்ன பெயர் தெரியுமா? தோட்டம். சிங்களத்தில் வத்த. ஒரு செடிக்கும் இடமில்லாத இடத்துக்கெல்லாம் தோட்டம் என்று பெயர் வைக்கிற நகரம் இது. பக்கத்துப் புளூமெண்டால் இதைவிட மோசம். ஒல்லாந்த மொழியில் அந்தப் பெயருக்குப் பூப் பள்ளத்தாக்கு என்று அர்த்தம். எங்கள் கொட்டாஞ்சேனை நண்பர்களுக்குச் சின்ன வயசில் அந்தப் பெயர் என்றால் குப்பை மலைதான்.

இங்கே நாங்கள் நினைத்துக்கொண்டு போன புன்னையையும் பூவரசையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “ஏங்க, இதுல ஏதாச்சும் காய்க்குமா?” என்பதுதான் கேள்வி. கறிவேப்பிலை கேட்டார்கள், எலுமிச்சை கேட்டார்கள், முருங்கை கேட்டார்கள். ஒரு பாட்டி பலாக் கேட்டா. பலாவை எங்கே பாட்டி வைக்கிறது என்றோம். “அது தெரிஞ்சா நானே வச்சிருக்க மாட்டேனா” என்றா. அவவின் ஆசைக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பவர் போன நூற்றாண்டின் முற்பாதியில் நாடு முழுக்கப் பலா நடச் சொல்லி ஓடித் திரிந்தார். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தில் மாட்டி மரண தண்டனை வரைக்கும் போய்த் தப்பி வந்த மனுஷன். சனம் அவருக்கு வைத்த பெயர் ‘கொஸ் மாமா’, பலா மாமா. பஞ்சக் காலங்களில் சோறு மாதிரிச் சாப்பிடக்கூடிய மரம் என்பதால்தான் பலாவை வெட்டுவதற்கே அனுமதி வேண்டும் என்று 1951இல் சட்டம் வந்தது. 2022இல் காஸும் அரிசியும் இல்லாமல் இந்த நாடு வரிசையில் நின்றபோது பலாக்காய் அவித்துச் சாப்பிட்ட வீடுகள் எத்தனை என்று அந்த முடுக்கில் கேட்டுப் பாருங்கள். கறுவாத்தோட்டத்துக்காரருக்கு மரம் நிழல். இங்கே மரம் என்றால் முதலில் கறி.

மண் இல்லை என்பதால் பீப்பாவில் வைப்பதென்று முடிவானது. நீல நிற பிளாஸ்டிக் பீப்பாவை இரண்டாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, கல்லுப் போட்டு, மண் நிரப்புவது. எங்களுக்கு அது ஒரு சமரசமாகத்தான் பட்டது, நிலத்தில் வேர்விட முடியாத மரம் என்ன மரம் என்று. அங்கே இருந்த ஒரு அக்காவுக்கு அப்படிப் படவில்லை. பீப்பாவின் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தா. “நல்லாருக்கு. எங்கள இங்கயிருந்து தூக்குனாங்கன்னா இதையும் தூக்கிக்கிட்டுப் போவலாம்.”

பகிடியாகத்தான் சொன்னா. பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் போர் முடிந்த அடுத்த வருஷம் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோகப்பட்டதும், அதற்குப் பிறகு கொழும்பின் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரிய மாடிவீடுகளுக்கு மாற்றப்பட்டதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். சொந்தக்காரர் யாராவது போயிருப்பார்கள். பத்தாவது மாடியில் லிப்ட் வேலை செய்யாத நாளைப் பற்றிச் சொல்வார்கள். வெள்ளவத்தை அன்ரி தானாகப் போய்விடுவேன் என்று நடாமல் இருக்கிறா. கொட்டாஞ்சேனை அக்கா தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று தூக்கிக்கொண்டு போகிற மாதிரி நடுகிறா. எங்களுக்கு இரண்டாவது ஆளைத்தான் கூடப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்கப்போவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். மே மாதம் நட்டால் தென்மேல் பருவக்காற்று பார்த்துக்கொள்ளும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை பார்த்துக்கொள்ளும். சோதனை ஜனவரியில்தான். ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் கொழும்பில் மழை குறைவு, வெயில் ஏறிக்கொண்டே போகும், சின்னக் கன்றின் வேர் இன்னும் ஒரு முழம்கூடப் போயிருக்காது. கிழமைக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஒரு வாளி. அதே ஜனவரியில் எங்களுக்கு செமெஸ்டர் பரீட்சை, பாதிப் பேர் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். தொண்டர் வேலையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறோம். தொண்டர்களுக்கு லீவு உண்டு, கன்றுக்கு இல்லை.

உலகம் முழுக்க மரநடுகைச் செய்திகளில் வருகிற இலக்கம் நட்ட இலக்கமாகத்தான் இருக்கிறது. நியூயோர்க் நகரம் 2007இல் தொடங்கி 2015இல் பத்து இலட்சமாவது மரத்தை நட்டது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் இறந்த அன்று எங்கள் எல்லாருடைய ஸ்டேட்டஸிலும் அவர் நட்டுவித்த 33 இலட்சம் மரங்கள் ஓடின. அவருடைய ஒரு கோடி இலக்கை நாங்கள் குறைத்துப் பேசவில்லை, ஒரு நகைச்சுவை நடிகர் ஒரு தலைமுறையையே மண்வெட்டி தூக்க வைத்தார். ஆனால் எங்களுக்கு முன்மாதிரியாகப் பட்டது அதே சென்னையில் 2005இல் தொடங்கிய ‘நிழல்’ என்கிற அமைப்பு. அவர்கள் புதிதாக நடுவதோடு நிற்பதில்லை. ஏற்கனவே நிற்கிற வீதி மரங்களில் அடித்திருக்கிற விளம்பர ஆணிகளைப் பிடுங்குகிறார்கள், அடிமரத்தை நெரிக்கிற சீமெந்தை உடைக்கிறார்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மரங்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள். குப்பை கொட்டிக் கிடந்த கோட்டூர்புரம் ஆற்றங்கரை நிலம் அவர்களுடைய பராமரிப்பில் மரப் பூங்காவாக நிற்கிறது. பேப்பருக்குச் செய்தியாகாத வேலை. அதனால்தான் எங்களுக்குப் பொறாமையாக இருந்தது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் வசிக்கிற ஒரு ஆளின் பெயர். எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தரின் பெயர் அல்ல. அந்த வீட்டு ஆள், அந்தக் கடைப் பொடியன், அந்த செக்கியூரிட்டி ஐயா. பெயர் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் நடவில்லை, நல்ல மண் இருந்த இரண்டு இடத்தை அப்படி விட்டுவிட்டு வந்தோம். மார்ச் கடைசியில் போய் எண்ணினோம். 31இல் 19 உயிரோடு நின்றன. வெள்ளவத்தையில் நாலு கன்றுகள் ஒரே நாளில் போயின. பைப் போட வீதியைக் கிண்டியவர்கள் அவற்றையும் சேர்த்துக் கிண்டி, மண்ணோடு லொறியில் ஏற்றிவிட்டார்கள். எங்களில் ஒருத்தி பின்னேரம் வந்து பார்த்தபோது புதுத் தார் இன்னும் சூடாக இருந்தது. இன்னும் ஆறு வெயிலில் காய்ந்தன, ஒன்றைக் கார் ஏறி முறித்தது, ஒன்றை ஆடு தின்றது. வெள்ளவத்தை ஒழுங்கையில் ஆடு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனைப் பீப்பாக்களில் இரண்டுதான் பட்டன. பொதுக் குழாயடிக்குப் பக்கத்தில் வைத்த கறிவேப்பிலைதான் எல்லாவற்றிலும் கொழுத்தது, அரிசி கழுவின தண்ணி, மீன் கழுவின தண்ணி, குடம் வழிந்த தண்ணி எல்லாம் அதற்குத்தான். அதில் இலை பிடுங்குவதற்கு இப்போது ஒரு ஒழுங்குமுறை இருக்கிறது: ஒரு கறிக்கு ஒரு ஈர்க்கு, அதற்கு மேல் பிடுங்கினால் பாட்டியிடம் பேச்சு வாங்க வேண்டும்.

வெள்ளவத்தையில் பீப்பீ ஊதிய அன்ரி போன மாதம் ரொறொன்ரோ போய்விட்டா. பிளட்டை திருகோணமலையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறா. அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் குழுவுக்குள் வந்து முதல் செய்தியாக, “வாசல்ல நிக்கிற பூவரசுக்கு நாங்கள்தான் தண்ணி விடவேணுமாம், அன்ரி சொல்லிப்போட்டுப் போனவா. எத்தனை வாளி?” என்று கேட்டது. மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் போட்டோம், மூன்றும் வெவ்வேறு பதில்.

இப்போது ஒக்டோபர் மழை தொடங்கியிருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இன்னும் ஆறு வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்கள், இரண்டு பேருக்கு முருங்கை, மற்ற எல்லாருக்கும் எலுமிச்சை. பீப்பா விலை ஏறிவிட்டதால் இந்தத் தரம் பெயின்ற் வாளி. உங்கள் வீட்டிலோ தொடர்மாடியிலோ யாராவது பெயின்ற் அடித்து 20 லீற்றர் வாளி மிச்சமிருந்தால் எறிய வேண்டாம், கழுவி வையுங்கள், சனிக்கிழமை வந்து எடுக்கிறோம். அடியில் ஓட்டை போட வேண்டாம். அது முடுக்குச் சின்னப் பொடியன்களின் வேலை. ஆணியைச் சூடாக்கிப் போடுவார்கள், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.